அப்பாவோட மாருதியும் 0.42 ஆம்பியரும்

ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா எதுவும் எழுதல. இன்னைக்கு எழுத வெச்சது எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி. மதியம் கேன்டீன்ல வந்து, "அண்ணே, கார்ல கம்ப்யூட்டர் வெக்கப்போறேன். எத்தனை வாட்ஸ் பவர் சப்ளை வாங்கலாம்?"னு கேட்டான். ஒரு நம்பரைச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். முடியல. "வாட்ஸ் கடைசியா கேக்க வேண்டிய கேள்விடா, உக்காரு"ன்னு சொல்லி ஒரு மணி நேரம் ரம்பம் போட்டேன். பாவம், சாம்பார் சாதம் ஆறிப்போச்சு. அவன்கிட்ட சொன்னதையும், சொல்லாம விட்டதையும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

கொசுவத்தியைச் சுத்திக்குங்க. வருஷம் 2023. வீட்லேர்ந்து வேலைங்கிற பேர்ல திருவெறும்பூர்ல அப்பா அம்மாவோட இருந்த நேரம். எங்க வீட்ல ஒரு மாருதி 800 இருக்கு, 2008 மாடல். 15 வருஷம் முடிஞ்சு, அப்பா ஆர்.டி.ஓ ஆபீசுக்கு நடையா நடந்து ஆர்.சி.யைப் புதுப்பிச்சு வெச்சிருந்தார். அந்த வண்டிக்கு அவர் துடைக்கிற துணிகூட தனி. அதுல வேற எதையும் துடைக்கக் கூடாது.

அந்த வண்டியில ஒரு ராஸ்பெர்ரி பை 4, ஏழு இன்ச் டச் ஸ்கிரீன், ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் வெக்கறதுதான் திட்டம். அம்மாவோட கேசட் 140ஐயும் எம்பித்ரீ ஆக்கி வெச்சிருந்தேன். பாட்டு, மேப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒரே பொட்டியில. "இதுக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வாங்கி மாட்டினா முடிஞ்சுதே"ன்னு நீங்க கேக்கறது புரியுது. முடிஞ்சிடும்தான். ஆனா பொட்டி தட்டுறவனுக்கு அதுல என்னங்க கிக்கு இருக்கு? :-)

வீட்ல நாம பவர் சப்ளை வாங்கறப்போ சுவத்துல 230 வோல்ட் வருதுன்னு நம்பிட்டு, வெளிய எத்தனை வாட்ஸ் வேணும்னு மட்டும்தான் பாக்கறோம். கார்ல அந்தச் சுவரே ஆடும். 12 வோல்ட் பேட்டரின்னு பேரு, ஆனா சரியா 12 வோல்ட் இருந்தா அது பாதிக்குமேல காலி. முழு சார்ஜ்ல சும்மா நிக்கறப்போ 12.6 இருக்கும். வண்டி ஓடறப்போ ஆல்டர்னேட்டர் 13.8லேர்ந்து 14.4 வரைக்கும் ஏத்தும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்தற அந்த நொடியில தடால்னு கீழ விழும். எங்க வண்டியில மல்டிமீட்டர் 9.2 காட்டுச்சு. மல்டிமீட்டர் மெதுவான ஆளு. மோட்டார் சுத்த ஆரம்பிக்கிற முதல் சில மில்லிசெகண்ட்ல இன்னும் கீழ போய்ட்டு வந்திருக்கும், அது கண்ணுல படாது.

மேல்பக்கம் இதைவிட மோசம். ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணிட்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் லூசாகிக் கழண்டா, அவ்வளவு கரண்ட்டும் போக இடமில்லாம வோல்டேஜ் எகிறும். இதுக்குப் பேரு லோட் டம்ப். ஐஎஸ்ஓ 16750-2ங்கிற தரக் குறிப்புல இதுக்கான சோதனையே 79லேர்ந்து 101 வோல்ட்னு போட்டிருக்கு, 40லேர்ந்து 400 மில்லிசெகண்ட் வரைக்கும். ஆல்டர்னேட்டர் உள்ளயே கட்டுப்படுத்தி வெச்சிருந்தா 35 வோல்ட்டோட நிக்கும். எங்க வண்டி வயசுக்கு எதையும் நம்பி இறங்க முடியாது.

இதெல்லாம் எனக்கு அப்போ தெரியுமான்னா, தெரியாது. ஈசிஇ படிச்சேன்னு பேரு, நாலு வருஷமும் பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் படிச்சேன். ஹி ஹி.

மொதல்ல சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற மொபைல் சார்ஜர். ஸ்கிரீன் மூலையில மஞ்சளா மின்னல் குறி வந்துக்கிட்டே இருந்துச்சு. பைக்கு வர்ற வோல்டேஜ் 4.63க்குக் கீழ போனா அந்த மின்னல் வரும். சார்ஜர் 5 வோல்ட் ஒழுங்காத்தான் குடுத்துச்சு, தொடப்பக்குச்சி மாதிரி இருந்த கேபிள்தான் முழுங்கிடுச்சு. 0.2 ஓம் கேபிள்ல 2 ஆம்பியர் ஓடினா 0.4 வோல்ட் வழியிலயே காலி, மிச்சம் 4.6. அதைவிடப் பெரிய தொல்லை, ஸ்டார்ட் பண்ற நேரத்துல அந்த சாக்கெட்டுக்கு கரண்ட்டே வராது. சாவியை ஒரு கட்டம் திருப்பினா பை உயிர் பிடிக்கும், முழுசா திருப்பினா செத்துப் பொழைக்கும். ரெண்டு வாரத்துல மெமரி கார்டு ரெண்டு தடவை கரப்ட் ஆச்சு.

அடுத்து இன்வெர்ட்டர் யோசனை. 12ஐ 230 ஆக்கி, அந்த 230ஐ அடாப்டர்ல குடுத்து 5 ஆக்கறது. திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் போக மெட்ராஸ் வழியா டிக்கெட் எடுக்கற மாதிரி. ரெண்டு இடத்துலயும் சக்தி வீணாகும். 100 ரூபாய் அனுப்பினா ரெண்டு புரோக்கர் எடுத்தது போக 70 வந்து சேர்றா மாதிரி. பேட்டரி 10 வோல்ட் பக்கம் போனாலே நிறைய இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்திட்டு ஆஃப் ஆகிடும், அதாவது ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும். ஆடுற வண்டியில சீட்டுக்கு அடியில 230 வோல்ட் வெக்கற தைரியமும் எனக்கில்ல.

கடைசியா சென்னை போனப்போ ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு எல்எம்2596 போர்டு வாங்கினேன். தீப்பெட்டி சைஸ், 80 ரூபாய். ஸ்க்ரூவைத் திருகி 5.1 வோல்ட் வெச்சுக்கலாம். சாவி திருப்பினாலும் சாகக் கூடாதுன்னு பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு ஒயர் இழுத்தேன். சாவி ஆஃப் ஆனதைத் தெரிஞ்சுக்க ரெண்டு ரெசிஸ்டர் போட்டு பையோட ஒரு பின்னுக்குக் குடுத்தேன். சாவி ஆஃப் ஆனா பை தன்னைத்தானே ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிக்கும். இருபது வரி பைத்தான். அடடா, அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கே! அம்மாவை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போனோம். மூணு வாரம் எந்தப் பிரச்சினையும் இல்ல.

அப்பா ஒண்ணும் சொல்லல. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவர். ஒரு தடவை மட்டும், "ஆஃப் பண்ணா முழுசா ஆஃப் ஆகுதா?"ன்னு கேட்டார். "ஷட்டவுன் ஆயிடும்ப்பா"ன்னேன். நான் சொன்னது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லன்னு அப்போ எனக்குத் தெரியல.

நவம்பர் மாசம். நாலு நாளா விட்டு விட்டு மழை. வழக்கமா தினமும் காய்கறிக்கு வண்டியை எடுக்கறவர் வியாழக்கிழமை சாயந்திரத்துக்கு அப்புறம் எடுக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை விடியக்காலை மூணு மணி இருக்கும். அப்பா என்னை எழுப்பினார். அம்மாவுக்கு வீசிங் உண்டு, மழைக்காலத்துல அதிகமாகும். அன்னைக்கு இன்ஹேலருக்கு அடங்கல. கட்டில்ல உக்காந்து ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருந்தாங்க. பேச முடியல. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாங்க.

கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து வண்டியில உக்கார வெச்சோம். அப்பா சாவியைத் திருப்பினார். டக். அவ்வளவுதான். இன்னொரு தடவை. டக் டக் டக். டேஷ்போர்டு லைட்டும் மங்கிப் போச்சு.

அப்பா என்னைத் திரும்பிப் பாக்கல. "தள்ளு"ன்னார்.

தெருவுல கணுக்கால் அளவு தண்ணி. அவர் செகண்ட் கியர்ல வெச்சு கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், நான் பின்னாடி தனியா தள்றேன். பின் கண்ணாடி வழியா அம்மாவோட தோள்பட்டை ஏறி ஏறி இறங்கறது தெரியுது. கிளட்ச்சை விட்டார், வண்டி குலுங்கி நின்னுடுச்சு. மறுபடி தள்ளினேன். மறுபடி குலுங்கி நின்னுச்சு. மூணாவது தடவை என்னால தள்ள முடியல, செருப்பு வழுக்கி முட்டி தேஞ்சுபோச்சு. சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு அண்ணன் கைலியோட ஓடி வந்து, அவர் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி சேர்றதுக்கு எல்லாம் சேர்த்து இருபத்தஞ்சு நிமிஷம் தாமதம். நெபுலைசர் வெச்சாங்க, ஊசி போட்டாங்க. ஆறு மணிக்கு அம்மா காப்பி கேட்டாங்க. அப்போதான் நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன்னு இங்க எழுதறதுல எனக்கு வெக்கமில்ல.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி 11.4. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியிலேர்ந்து கேபிள் போட்டுக் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏத்திட்டு, என் ஒயரைக் கழட்டி நடுவுல மீட்டரை வெச்சேன். சாவி ஆஃப். பை ஷட்டவுன். ஸ்கிரீன் இருட்டு. மீட்டர்ல 0.42 ஆம்பியர்.

பை 4 ஷட்டவுன் ஆனாலும், பழக்கமா வர்ற செட்டிங்ல, 5 வோல்ட் லைன் யூஎஸ்பி போர்ட்டுக்குப் போயிட்டேதான் இருக்கும். ஹார்டு டிஸ்க்கும் ஸ்கிரீனும் சிக்னலுக்காகக் கண் முழிச்சுக் காத்துக்கிட்டிருந்திருக்கு. நம்ம மென்பொருள்காரங்களுக்கு ஷட்டவுன்னா கதை முடிஞ்சுது. பேட்டரிக்கு அப்படி இல்ல. வியாழன் ராத்திரி எட்டுலேர்ந்து ஞாயிறு மூணு மணி வரை 55 மணி நேரம். 55 இன்டு 0.42, 23 ஆம்பியர்-அவர். புது பேட்டரியே 35தான். எங்களுது மூணு வருஷப் பழசு. நாலாங்கிளாஸ் கணக்கு. வண்டியில மாட்டறதுக்கு முன்னாடியே போட்டிருக்கலாம்.

அப்பாகிட்ட மீட்டரைக் காட்டி, "என்னாலதான்ப்பா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம பானெட்டைத் தூக்கினார். நான் இழுத்த ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போய், எஞ்சின் பக்கத்துலேர்ந்து உள்ள நுழையற ஓட்டையில விரலை வெச்சார். "இங்க பாரு."

தகரத்துல இருந்த ஓட்டை வழியா அப்படியே விட்டிருந்தேன், ரப்பர் புஷ் போடல. மூணு வார ஆட்டத்துல ஒயரோட மேல்தோல் தேஞ்சு செம்பு பளபளன்னு தெரிஞ்சுது. ஃபியூஸ் போட்டிருந்தேன், ஆனா உள்ள, பை பக்கத்துல. பேட்டரிக்கும் ஃபியூசுக்கும் நடுவுல இருக்கற ஒண்ணரை மீட்டருக்குக் காவலே கிடையாது. அந்தச் செம்பு தகரத்துல பட்டிருந்தா நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் பழுத்துத் தீப்பிடிச்சிருக்கும், சரியா அம்மா கால் வெக்கற இடத்துல.

"வண்டி ஸ்டார்ட் ஆகாததுக்கு நான் கோவப்படல. பேட்டரி எல்லார் வீட்லயும்தான் எறங்குது"ன்னார். "ஃபியூஸ் உன் மிஷினைக் காப்பாத்தறதுக்கு இல்லடா. ஒயரைக் காப்பாத்தறதுக்கு. ஒயர் எங்க பொறக்குதோ அங்க இருக்கணும்." முப்பது வருஷத்துல ஒயரால செத்தவங்களைப் பாத்தவர். அதைப் பத்தி வீட்ல பேசவே மாட்டார். அன்னைக்கும் பேசல. குரல் மட்டும் கொஞ்சம் நடுங்குச்சு.

எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அம்மாவே, "அந்தப் பாட்டுப் பொட்டி என்னடா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. நான் அப்பாவைப் பாத்தேன். "பண்ணு. ஆனா பானெட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்புடு"ன்னார்.

இந்தத் தடவை தேடினது, 8லேர்ந்து 36 வோல்ட் வரைக்கும் எது உள்ள வந்தாலும் வெளிய 5.1 வோல்ட், 5 ஆம்பியர் குடுக்கற, வண்டிகளுக்குன்னே பிசின் ஊத்தி அடைச்ச கன்வெர்ட்டர். பழைய எல்எம்2596 அதிகபட்சம் 40 வோல்ட் தாங்கும், 3 ஆம்பியர் தரும்னு போட்டிருக்கும், ஆனா அது நல்லா காத்து வாங்கினா. மே மாசம் வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின வண்டிக்குள்ள அது என்ன பாடுபடும்னு யோசிச்சுக்குங்க. புதுசுக்கு விலை 80 இல்ல, அதோட ஒரு சைபர் சேத்துக்கணும். அதுக்கு முன்னாடி லோட் டம்ப்புக்காக ஒரு பெரிய டிவிஎஸ் டயோடு (நம்ம டிவிஎஸ் ஃபிஃப்டி இல்லீங்க). அது 24 வோல்ட் வரைக்கும் சும்மா இருக்கற மாதிரி எடுத்தேன், ஏன்னா அவசரத்துக்கு எவனாச்சும் லாரி பேட்டரியில கேபிள் குடுத்துட்டா அது 24 வோல்ட். கிராங்க் ஆகறப்போ விழற பள்ளத்தைத் தாண்ட ஒரு ஷாட்கி டயோடும் கெப்பாசிட்டரும். 10 வாட் லோடை 50 மில்லிசெகண்ட் தாங்கணும், வோல்டேஜ் 12லேர்ந்து 8க்கு இறங்கலாம்னு கணக்குப் போட்டா 12,500 மைக்ரோஃபாரட் பக்கம் வருது. 4700ல மூணு போட்டேன்.

ஆஃப் ஆனப்புறம் கரண்ட் இழுக்கற பிரச்சினைக்கு நான் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போட்டு எப்பவும் கவனிச்சுக்கிட்டே இருக்கலாம்னு படம் போட்டுக் காட்டினேன். அப்பா பாத்துட்டு, "அப்ப அது எப்பவும் முழிச்சிருக்கும்ல? அதுவும் தின்னும்ல?"ன்னார். அப்புறம் பேப்பரைத் திருப்பிப் போட்டு ஒரு படம் வரைஞ்சார். ஆச்சரியமா இருந்துச்சு. வயக்காட்டு மோட்டார் ஸ்டார்ட்டர்! பச்சை பட்டனை அமுக்கினா காயில் இழுத்துக்கும், விரலை எடுத்தாலும் தன் கான்டாக்ட் வழியாவே தனக்குக் கரண்ட் எடுத்துப் பிடிச்சுக்கும். கரண்ட் போனா விட்டுடும், திரும்பக் கரண்ட் வந்தாலும் தானா ஓடாது. காலேஜ்ல இதையே லேட்ச்சிங் சர்க்யூட்னு எழுதி மார்க் வாங்கியிருக்கேன்!

அதைத்தான் கட்டினோம். சாதாரண கார் ரிலே. 30ல பேட்டரி, 87ல கன்வெர்ட்டரும் ஒரு டைமரும். சாவி போட்டா ஒரு டயோடு வழியா காயிலுக்குக் கரண்ட், ரிலே இழுக்கும், டைமருக்கு உயிர் வரும். சாவியை எடுத்ததும் டைமர் இன்னொரு டயோடு வழியா காயிலை 60 செகண்ட் பிடிச்சு வெச்சுக்கும். அதுக்குள்ள பை ஷட்டவுன் ஆகிடும். 60 முடிஞ்சதும் டைமர் காயிலை விடும், ரிலே திறக்கும், பை, ஸ்கிரீன், டிஸ்க் எல்லாத்தோட டைமரும் சேர்ந்து செத்துடும். முழிச்சிருக்க ஒரு ஆளும் இல்ல. பேட்டரி டெர்மினல்லேர்ந்து ஒரு சாண் தள்ளி 5 ஆம்பியர் ஃபியூஸ், 1.5 ஸ்கொயர் ஒயர், ஓட்டையில ரப்பர் புஷ். புஷ்ஷை அப்பா தன் கையாலயே போட்டார், என்னை விடல.

கேன்டீன் தம்பிக்கு வருவோம். அவன் வெச்சிருக்கறது மினி-ஐடிஎக்ஸ் போர்டு, ஏடிஎக்ஸ் பவர் வேணும். சின்னதா அழகா இருக்குன்னு சாதா பிக்கோ-பிஎஸ்யூ ஆர்டர் பண்ணப் போயிருக்கான். அது சுத்தமான 12 வோல்ட் உள்ள வரும்னு நம்பி, அதையே போர்டோட 12 வோல்ட் லைனுக்கு அப்படியே கடத்தற சமாச்சாரம். வீட்டு அடாப்டருக்குப் பிரமாதம், 9க்கும் 14.4க்கும் ஆடுற பேட்டரிக்கு ஆகாது. கார்னா எம்4-ஏடிஎக்ஸ் மாதிரி 6லேர்ந்து 30 வோல்ட் தாங்கற, சாவி ஒயரைப் பாத்துக் கம்ப்யூட்டரை எழுப்பி, தூங்க வெச்சு, அப்புறம் ஸ்டாண்ட்பையையும் வெட்டி விடறதை வாங்கச் சொன்னேன். 250 வாட்ஸ் வரும், அவனுக்கு 40கூடத் தேவைப்படாது. "அப்ப ஓவர் இல்லையாண்ணே?"ன்னான். அந்தக் காசு வாட்ஸுக்கு இல்லப்பா, அந்த ரெண்டு ஓரத்துக்கும், வெட்டி விடறதுக்கும்தான்.

எங்க வண்டியில கட்டி முடிச்ச அன்னைக்கு, சாவியை எடுத்துட்டு ரெண்டு பேரும் மீட்டரைப் பாத்துக்கிட்டு நின்னோம். 58, 59, 60. ரிலே டிக்குனு ஒரு சத்தம். 0.00. அப்பா இன்னொரு அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னு பாத்துட்டுதான் பானெட்டை மூடினார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சமையக்கட்டு காலண்டரைப் புரட்டினேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை கட்டத்துலயும் பால் கணக்குக்குப் பக்கத்துல பொடி எழுத்துல 12.61, 12.58, 12.60ன்னு எழுதியிருந்துச்சு.

டிஸ்கி: ஆக்சிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர்ல உய்ய்ங்னு ஒரு சத்தம் வருது. ஆல்டர்னேட்டரோட விசில், ஆம்ப்ளிஃபையருக்கும் பைக்கும் வேற வேற இடத்துல எர்த் குடுத்ததால வர்றது. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ ரெண்டையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வரணும். அம்மா அதுக்குள்ள பழகிட்டாங்க, "உங்கப்பா வேகமாப் போறது எனக்கு இப்ப காதுலயே தெரியுது"ங்கறாங்க.